வீட்டு வழியாக வேலைக்கு

பெருநாளன்று, வோனோகிரியில் அம்மா வீட்டில், பன்னிரண்டே காலுக்குப் பூர்வந்தி மடிக்கணினியைத் திறந்தபோது, திரையின் மூலையில் பச்சையாக இருக்க வேண்டிய பூட்டுப்படம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது பச்சைதான். அணைத்துத் திறந்து பார்த்தாள். சாம்பல்தான்.

ஒரு மணிக்கு அவளுக்கு வேலை. ஜகார்த்தாவில் ஒரு மருத்துவமனைக்கு, எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருகிறாள். வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பதிவு செய்த வீட்டு இணைப்பிலிருந்து வந்தால்தான் மருத்துவமனையின் கணினி உள்ளே விடும். ஒன்று ஐந்தைத் தாண்டினால் வராததாகக் கணக்கு. மழைக்காலத்தில் இணைப்பு அறுந்ததற்கு ஒன்று, கரண்ட் போனதற்கு ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

இந்த வேலைக்காகவே அவள் மூன்று நோன்புப் பெருநாளுக்கு ஊர் வரவில்லை. ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் அவர்கள் தெருவே காலியாகி பஸ்ஸிலும் ரயிலிலும் கிளம்பிப் போக, அவள் மட்டும் ஜன்னலை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வாள். வோனோகிரியில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

இந்த வருடம் நோன்புக்கு இரண்டு மாதம் முன்பே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கி மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். விபிஎன் என்று அதற்குப் பெயர். வோனோகிரியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாலும், அது முதலில் பெக்காசி வீட்டுக்குப் போய், அங்கிருந்து கிளம்பி மருத்துவமனைக்குப் போகும். வீடியோ பார்த்து, நிறுத்தி, எழுதி வைத்து, தானே செய்தாள். வெளியிலிருந்து கூப்பிட ஒரு இணைய விலாசம் வேண்டும் என்று இணைய நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருந்தது. பேசக் கூச்சப்பட்டு அதையும் எழுதியே கேட்டாள். மேற்பார்வையாளர் லெனியிடமும் எழுதிக் கேட்டாள். "வீட்டு லைன்ல வந்தா போதும். நீ எங்க உக்காந்திருக்கேன்னு நான் கேட்கமாட்டேன்" என்று பதில் வந்தது.

கணவன் சுகெங் அப்போதே சிரித்தான். "மூணு வருஷமா ஊருக்கு வராதவ, இப்ப வீட்டையும் கூடக் கூட்டிக்கிட்டு வர்றா."

இப்போது அவனைத் தேடிப் பின்கட்டுக்குப் போனாள். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தான்.

"மஸ், வீடு செத்துப்போச்சு." கணவனை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"எந்த வீடு?"

"நம்ம வீடு. கரண்ட் இல்லன்னு நினைக்கிறேன். தெருக் குரூப்ல யாராவது ஏதாவது போட்டிருக்காங்களா பாருங்க."

அவன் அந்தக் குரூப்பை ஊமையாக்கி வைத்திருந்தான். திறந்தால் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். பள்ளிவாசல் கோபுரம், ஓலையில் கட்டிய சோறு, பூங்கொத்து, ஒவ்வொன்றின் கீழும் 'வெளியிலும் உள்ளத்திலும் மன்னியுங்கள்' என்ற அதே பெருநாள் வாசகம். அவள் போனைப் பிடுங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். முந்தின நாள் மாலையில் ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கு எரியும் மீட்டர். காவலாளி பின்சார் போட்டது. 'பதினாலாம் நம்பர் வீட்டு மீட்டர் கத்துகிறது. வீட்டுக்காரரிடம் யாராவது சொல்லுங்கள்.' அதற்குப் பதிலாக ஒருவர் கட்டைவிரலைக் காட்டியிருந்தார். அடுத்த ஏழு பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

முன்கூட்டியே காசு போட்டு ஓட்டும் மீட்டர் அது. தீரப்போனால் கத்தும், தீர்ந்தால் அணைந்துவிடும். மோடமும் பெட்டியும் மட்டும் ஓடினால் ஒரு மாதம் வரும் என்று பார்த்துத்தான் கிளம்பியிருந்தாள்.

சுகெங் போனிலேயே புதிதாகக் காசு போட்டான். இருபது எண்கள் வந்தன. அவற்றை யாராவது மீட்டரில் நேரில் அழுத்த வேண்டும்.

"நீங்க பேசுங்க மஸ்."

"பேசுறேன். ஆனா அந்த ஆளு பெட்டியப் பத்திக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

பன்னிரண்டு இருபத்தெட்டு. தகராறு செய்ய நேரமில்லை. அவளே பின்சாரை அழைத்தாள். நான்கு வருடமாகக் காவல் கூண்டைக் கடக்கும்போது தலையாட்டியதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா வீட்டில் அறுபடாமல் பேசும் அளவுக்குச் சிக்னல் கிடைப்பது முன்னறை ஜன்னலோரம் மட்டும்தான். அங்கே பிஸ்கட் ஜாடிகளைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினாலா?" பின்சாரின் குரல் போனைத் தாண்டி அறைக்குள் கேட்டது. "நேத்தே போட்டேனே இபு. மூணு நாளா உள்ள மோட்டார் ஓடுது, நிக்குது, ஓடுது. யாரோ உள்ள குளிச்சுக்கிட்டே இருக்காங்கன்னுல்ல நினைச்சேன்."

பூர்வந்தி கணவனைப் பார்த்தாள். கழிப்பறைத் தொட்டி ஒழுகுவதை ஊருக்குப் போகுமுன் சரிசெய்கிறேன் என்றவன் அவன்தான். அது ஒழுக ஒழுக மோட்டார் தானாக ஓடி மீட்டர் காசைத் தின்றிருக்கிறது. அவன் ஜாடியிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

"கேட்டைத் தாண்டி மீட்டர் கிட்டப் போகணும் பாக்" என்றாள். அவருடைய மரியாதை 'இபு'வுக்கு அவளுடைய மரியாதை 'பாக்'.

"தாண்டறேன். அப்புறம் திருடன்னு சொல்லிடாதீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம். "ம், சொல்லுங்க."

"நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு..."

"என்ன?"

"நாலு, ஒண்ணு..."

"இங்க மழை இபு. தகரத்து மேல கொட்டுது. எறும்பு பேசுற மாதிரி இருக்கு."

கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள். இருபதும் முடிந்தது. "தப்புன்னு காட்டுது" என்றார். எங்கேயோ ஒண்ணு ஒன்பதாகியிருந்தது. பன்னிரண்டு நாற்பத்தொன்று.

அப்போதுதான் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். பாக்டே வீர்யோ. இறந்துபோன அப்பாவின் அண்ணன், குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தவர். அறை முழுவதும் எழுந்தது. வயது வரிசைப்படி ஒவ்வொருவராக அவர் முன் மண்டியிட்டு, கையைப் பற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் மூன்று வருடம் வராதவள் எல்லோருக்கும் முன்னால் போவதுதான் முறை. அம்மா மெதுவாகக் கூப்பிட்டாள். "வந்தி."

பூர்வந்தி அவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டியிருந்தார். அவள் முதுகைத் திருப்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நாலு! ஒண்ணு, ஒரே ஒண்ணு! ஏழு! ஏழு!"

ஆடுகள் கத்துவதை நிறுத்தின. நான்கு நான்காகச் சொல்லி, ஒவ்வொரு நான்கையும் அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். இருபதாவது எண்ணுக்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்சார் சொன்னார்: "ஏத்துக்கிச்சு. பச்சை எரியுது."

பன்னிரண்டு ஐம்பது. இனிமேல்தான் மோடம் விழிக்க வேண்டும், பெட்டி விழிக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் வீட்டுக்கு இணைய விலாசமே மாறிவிடும். மாறிய விலாசத்தை, மடிக்கணினி தேடிப் பார்க்கும் இடத்தில் பெட்டியே போய்ச் சொல்லிவைக்க வேண்டும். வீட்டில் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தபோது ஒரு தடவை ஏழு நிமிடமும் இன்னொரு தடவை பதினைந்தும் ஆனது. ஒரு தடவை வரவே இல்லை.

திரையின் முன் உட்கார்ந்தாள். பின்னால் மன்னிப்புக் கேட்கும் முணுமுணுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்தேழு. சாம்பல். தெருவில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். ஒரு மணி ஆனது. ஒன்று இரண்டும் ஆனது. லெனிக்கு எழுதலாமா என்று நினைத்தாள். எழுதினால், இணைப்பு இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்று மூன்றுக்குப் பூட்டு பச்சையானது.

கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள். 'பூர்வந்தி, வருகை 13.04.' முதல் பதிவு அவசரப் பிரிவிலிருந்து வந்தது. மார்பு எக்ஸ்ரே, ஆண், அறுபத்திரண்டு வயது. காதில் ஹெட்போனை மாட்டினாள். முதல் வரியை அடித்தாள்.

மூன்றரைக்குப் பத்து நிமிட இடைவேளை. திரும்பிப் பார்த்தால் பாக்டே போகவில்லை. கடலை மிட்டாயை வாயில் ஊறவைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார். இரண்டரை மணி நேரமும் யாரையும் உரக்கப் பேச விடவில்லையாம். அவள் மண்டியிட்டுக் கையைப் பற்றினாள்.

"எதுக்கு மன்னிப்பு? கத்தினதுக்கா, முதுகைக் காட்டினதுக்கா?"

"ரெண்டுக்கும் பாக்டே."

"முதுகுக்கு மன்னிச்சேன். கத்தினதுக்கு வேண்டாம். உங்கப்பன் பிள்ளைகள்ல ஒண்ணுக்கும் தொண்டையே கிடையாதுன்னுல்ல நினைச்சிருந்தேன்."

அறை சிரித்தது. அவள் முகத்தை அவர் முழங்காலிலேயே வைத்துக்கொண்டாள். சுகெங் போனில் பின்சாரிடம், "ஆமா பாக், வால்வு வெளிக்குழாய்ப் பக்கத்துல இருக்கு, வலது பக்கமாத் திருகுங்க, மோட்டார் நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுந்து மணியைப் பார்த்தாள். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அம்மா நீட்டிய தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.