உனக்குப் பால் ஊத்துறேன்

சைகோனில் தேநீர்க் கடைக்காரியிடம் பால் கேட்டால், அவள் குவளையைக் கவிழ்த்து விரிசல் தேடுகிறாள். நான் கேட்டது 'ட்ரா சுவா'. ட்ரா என்றால் தேநீர், சுவா என்றால் பால். கப்பல் இறங்கிய வாரமே இரண்டையும் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் இந்த ஊர்ப் பேச்சில் பழுது பார்ப்பதற்கும் அதே ஒலிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 'சுவா, சுவா' என்று நான் அழுத்திச் சொல்லச் சொல்ல, அவள் வேறு குவளை கொண்டுவந்தாள். பிறகு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் குனிந்து பார்த்தாள். கடைசியில் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, அவளுடைய மாமனார் சுத்தியலோடு வந்து, ஆடிக்கொண்டிருந்த அதன் காலை அடித்து நிறுத்திவிட்டுப் போனார். பெஞ்சு சரியாகிவிட்டது. தேநீர் மட்டும் பால் இல்லாமலேயே வந்தது, இளம் பச்சையாக, சர்க்கரைகூட இல்லாமல்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே தேநீர் என்பது உபசாரத்தின் முதல் சொல். முடி வெட்டப் போனாலும், அளவு கொடுக்கத் தையற்காரனிடம் போனாலும், ஒரு சின்னக் குவளையை முன்னால் வைத்துவிடுகிறார்கள். அதில் பால் விடுவதை நம் ஊரில் மோரில் மண்ணெண்ணெய் விடுவதைப் போலப் பார்க்கிறார்கள். நானும் பல நாள் உள்ளுக்குள் பொருமினேன், இவர்களுக்குத் தேநீர் குடிக்கவே தெரியவில்லை என்று. பிறகுதான் யோசித்தேன். காரைக்காலில் எங்கள் வீட்டுக்குள் தேயிலை நுழைந்ததே நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷத்தில்தான். பினாங்கிலிருந்து திரும்பிய சித்தப்பா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா முதலில் ரசத்தில் போட்டாள். உப்பு வண்டி ஓட்டும் அப்பா அதைக் குடித்துவிட்டு, "துரைமார் இதுக்காகவா கடல் தாண்டிப் போறாங்க?" என்றார். அப்புறம் சித்தப்பா எருமைப் பாலைக் காய்ச்சி ஊற்றிக் காட்டியதும் எல்லாரும் தலையாட்டினோம். அவ்வளவு இளைய பழக்கம். கடல் தாண்டி வந்ததும் அது எப்படியோ முப்பாட்டன் சொத்தைப் போல ஆகிவிடுகிறது.

இந்த ஊரில் பசுவை வைத்துப் பால் கறந்து விற்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தாம். பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் விடியலில் பால் போகிறது. அப்படிப் பால் ஊற்றுபவர்களில் ஒருவர் மாணிக்கம் அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கம். அவரோடு ஒரே அறையில் இருந்தவர் லூர்துசாமி அண்ணன், காரைக்கால்காரர், ஆற்றோரச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் காவல். நான் அப்போது நீதிமன்றத்தில் எழுத்தர். தமிழை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி விடுப்பில் போயிருந்ததால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்ற என்னைத் தற்காலிகமாக அந்த இடத்தில் நிறுத்தினார்கள். எனக்கு வந்த முதல் வழக்கே இவர்களுடையது.

நடந்தது இதுதான். லூர்துசாமி வயிற்று வலியாலும் காய்ச்சலாலும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என்ன சாப்பிட்டாய் என்று வைத்தியர் கேட்டதற்கு, அரை நினைவில், "மாணிக்கம் பால் ஊத்துறேன்னு சொன்னான்" என்றார். அங்கே வேலை பார்த்த ஒரு தமிழர் பதறிப்போனார். சாகக் கிடப்பவர் வாயில் பால் விடுவதும், எரித்த மறுநாள் சுடலையில் பால் தெளிப்பதும் நம் வழக்கம். சண்டையில் 'உனக்குப் பால் ஊத்துறேன்' என்றால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று பொருள். அவர் அதை அப்படியே வைத்தியரிடம் சொல்ல, பாலில் விஷம் வைத்தார் என்று போலீஸ் வந்து மாணிக்கத்தைக் கொண்டுபோனது. லூர்துசாமி பிழைத்துக்கொண்டார். ஆனால் மாணிக்கம் இங்கிலீஷ்காரர் நாட்டுப் பிரஜை. குற்றம் உறுதியானால் கப்பலேற்றிவிடுவார்கள், திரும்ப வர முடியாது. ஊரில் அவருக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. அவருக்கு என்று இருந்தவை எல்லாம் சைகோனில் ஒரு கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"'உனக்குப் பால் ஊற்றுகிறேன்' என்றால் உங்கள் மொழியில் என்ன பொருள்?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

உண்மையை மாற்றாமல் சொல்வதாக ஆணையிட்டிருந்தேன். "இரண்டு பொருள் உண்டு, முசியே. ஒன்று, நீ சாவாய். இன்னொன்று, உன் தேநீரில் பால் விடுகிறேன்."

"இரண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்தான், முசியே."

"அப்படியானால் உங்கள் ஊரில் தேநீர் குடிக்க நான் வரவே மாட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாணிக்கத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. சிரிப்பைக் கண்டு அவரும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

இந்த ஊருக்கு வந்த புதிதில், வேலைக்குச் சிபாரிசு கேட்டு ஒரு பிரெஞ்சு ஆசிரியர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி எனக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, "நுவாஜ்?" என்றார். நுவாஜ் என்றால் மேகம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். எழுந்து சன்னல் வழியாக வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லை மதாம், இன்று வெயில்தான்" என்று பணிவாகச் சொன்னேன். தேநீரில் விடும் துளிப் பாலுக்கு அவர்கள் மேகம் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பது, அந்த அம்மாள் சிரித்து முடித்த பிறகு தெரிந்தது. இந்தக் கதையை அப்படியே நீதிபதியிடம் சொன்னேன். "ஒரு மேகம் வேண்டுமா என்று கேட்பதால் பிரெஞ்சுக்காரர்கள் மழை பெய்விப்பவர்கள் ஆகிவிடுவதில்லை, முசியே" என்றேன்.

அவர் மீசைக்குள் சிரித்தார். "கெட்டிக்காரத்தனம். ஆனால் சாட்சியம் ஆகாது."

"அப்படியானால் லூர்துசாமியிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்" என்றேன். கை அசைத்தார். நான் திரும்பி, "அண்ணே, மாணிக்கம் அண்ணன் அப்படிச் சொன்னாரா?" என்றேன்.

"சொன்னான் தம்பி. தினமும்தான் சொல்றான்."

"தினமுமா?"

"விடிஞ்சா அதே ரோதனை. எனக்கு இந்த ஊர்த் தேத்தண்ணிதான் ஒத்துக்குது, பால் வேணாம். இவனுக்குப் பொறுக்கல. 'பால்காரன்கூட இருந்துக்கிட்டு வெறுந்தண்ணி குடிக்கிறியே, பாக்குறவன் என் பாலைப் பத்தி என்ன நினைப்பான், இன்னைக்கு உனக்குப் பால் ஊத்தாம விடமாட்டேன்'னு செம்போட வருவான்."

"வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

லூர்துசாமி செய்தே காட்டினார். இடது கையைக் குவளை பிடித்ததுபோல் வைத்தார். வலது உள்ளங்கையால் அதை இறுக மூடினார். மூடிய குவளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாணிக்கம் நின்ற பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"பாருங்க சாமி, கோர்ட்டுலகூட மூடுறான்" என்றார் மாணிக்கம், கூண்டிலிருந்து, மனம் தாங்காமல்.

நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். தேவைப்படவில்லை. நீதிபதி மேசையில் கை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற இந்த ஊர் அன்னாமியக் காவலர் தன் கையையும் அதேபோல் மூடிப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். வேண்டாத பாலை மறுக்கும் கை எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலும். பிறகு நீதிபதி, அப்படியானால் காய்ச்சல் எதனால் வந்தது என்று கேட்டார். லூர்துசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முதல் நாள் வாங்கி மறந்துபோன நண்டைக் காலையில் சுரண்டித் தின்றதாகச் சொன்னார். "இதை முன்னாலேயே ஏண்ணே சொல்லல?" என்றேன். "யாரும் கேக்கலியே தம்பி. அவன் சொன்னானா, சொன்னானான்னுதான் கேட்டாங்க."

தீர்ப்பு இரண்டு வரிதான். அதை மாணிக்கத்துக்குத் தமிழில் சொல்லும்போது என் குரல் அந்தக் கூடத்துக்குத் தேவையானதைவிட உரக்க ஒலித்தது. "உங்க மேல குத்தம் இல்லண்ணே. நீங்க இங்கேயே இருக்கலாம்." உப்பு வண்டிக்காரன் மகன் வாயிலிருந்து, சர்க்கார் கூடத்தில், ஒரு மனிதனை அவன் மாடுகளிடம் திருப்பி அனுப்பும் சொல் வந்தது. நான் படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானோ என்று தோன்றியது. மாணிக்கம் அழவில்லை, கும்பிடவில்லை. "மாடு கறக்க நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சாயங்காலம் அவர்கள் அறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மல்லிகை வாசமடிக்கும் பச்சைத் தேநீரை லூர்துசாமி மூன்று குவளைகளில் ஊற்றினார். மாணிக்கம் காய்ச்சிய பால் செம்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இனி அந்தச் சொல்லைச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த லூர்துசாமி குவளையை நீட்டினார்.

"சரி, பால் ஊத்துடா. இன்னைக்கு மட்டும்தான்."

"மறுபடியும் அந்தப் பேச்சா? நீங்க ரெண்டு பேரும் என்னைச் சாட்சிக்கு இழுத்துடாதீங்கப்பா" என்றார் பக்கத்து அறைக்காரர், வாசலில் நின்றபடி. மாணிக்கம் ஊற்றினார். கடன் தீர்ந்தவர் முகம்.

"உங்களுக்கு, தம்பி?" என்று என் பக்கம் திரும்பினார். பால் இல்லாமல் குடிக்க நான் எப்போதோ பழகியிருந்தேன். பால் வேண்டும் என்று அதே நிமிஷம் நாக்கு கேட்டது. "பாதி" என்றேன். பால் பச்சைத் தேநீருக்குள் இறங்கிச் சுருண்டு மேலே வந்தது. பழுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. காரைக்காலில் இதை யாரும் தேத்தண்ணி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சைகோனில் யாரும் ட்ரா என்று சொல்ல மாட்டார்கள். அந்த நிறத்தை என்னவென்று சொல்வதென்று என் மூன்று மொழியிலும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. குடித்து முடித்துவிட்டு, இன்னொரு குவளைக்குக் கையை நீட்டினேன்.