ஏர்போர்ட் வண்டியும் ஒரு டப்பா முந்திரிக்கொத்தும்

வலித்தைலமும் ஈரப் புல்லும் கலந்த ஒரு வாசனை அப்பாவின் காரில் எப்போதும் இருக்கும்; ஏசியைப் போட்டதும் அது மூக்கில் சுரீரென்று ஏறும். அந்தத் தைலம் கோச்சின் இடது முழங்காலுக்கானது. அபுதாபியில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு சின்னக் கால்பந்து கிளப்பில் அப்பா டிரைவர். கோச்சைக் கூட்டிவருவதும் கொண்டுவிடுவதும்தான் அவருடைய ‘டூட்டி’. அம்மா கிளினிக்கில் நர்ஸ், மாலை ஷிஃப்ட். அதனால் பள்ளி விட்டதும் நானும் அதே காரில் மைதானத்துக்குப் போய், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

கோச்சின் பெயர் ஜிவ்கோ, செர்பியாக்காரர். முப்பத்து மூன்று வயதில் அந்தக் கிளப்புக்கு ‘ஃபார்வர்டு’ ஆட வந்து, இரண்டு சீசன் கோலாகக் குவித்து, முழங்கால் போனபின்னும் ஊர் திரும்பாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்து, படிப்படியாக ஏறி, எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம்தான் பெரிய டீமுக்குக் கோச் ஆகியிருந்தார். அவர் வளைகுடாவில் இருந்த காலத்துக்குள்ளேயே அவர் நாட்டின் பெயர் இரண்டு தடவை மாறிவிட்டது. “நம்ம பஞ்சாயத்து தேவலைட்டி, பேரையாவது அப்படியே வச்சிருக்கு” என்று அப்பா என்னிடம் கிண்டலடிப்பார். மற்ற கோச்சுகள் பின்சீட்டில் உட்காருவார்கள். இவர் முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, அப்பாவின் தோளைத் தட்டித் தட்டிப் பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாகப் பேசிக்கொண்டே வருவார். எத்தனை நல்ல மனிதர்!

எனக்கு அவர் கோல் அடிக்கக் கற்றுத்தரவில்லை, விழக் கற்றுத்தந்தார். எதிராளி தள்ளிவிட்டான் என்று ரெஃப்ரீ நம்பிவிட்டால் ‘பெனால்டி’, அதாவது கோல் அடிக்க ஒரு இலவச உதை. “ஃபர்ஸ்ட் ஃபால், பேபி. தென் லுக் ரெஃப்ரீ” என்று சொல்லிவிட்டு, ஆளே தொடாமல் புல்லில் பொத்தென்று விழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெற்றவள் கேட்டால் நெஞ்சு வெடிக்கும்படி ஓலமிடுவார். அப்பா ஒவ்வொரு முறையும் ஏமாந்து ஓடுவார். அவர் கிட்டே போனதும் கோச் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “பெனால்டி, ராஜன் பாய்?” என்று கேட்பார். “பெனால்டிதான் சார், நீரு மனுசனக் கொல்லாதையும்” என்பார் அப்பா, தமிழிலேயே.

எங்கள் காருக்குக் கிளப்பில் இன்னொரு பெயர் உண்டு, ‘ஏர்போர்ட் வண்டி’. தொடர்ந்து சில ஆட்டம் தோற்றால் கோச் ‘கலாஸ்’, வேலை முடிந்தது, அன்றே ஊருக்கு விமானம். அப்போது மேனேஜர் முதலில் போன் செய்வது கோச்சுக்கல்ல, டிரைவருக்கு; வண்டி தயாராக இருக்க வேண்டுமல்லவா. சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியும். அப்பாவுக்கு முன்னால் இருந்த டிரைவர் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லி, அடுத்த வாரமே விசா ரத்தாகி ஊர் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் நானும் இருந்தது அப்பாவின் விசாவில். “ஸ்டியரிங் பிடிக்கவனுக்குக் காது போதும், வாய் எதுக்கு?” என்று அப்பா அடிக்கடி சொல்வது அதனால்தான்.

அந்தக் குளிர்காலத்தில் டீம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றது. போன் வந்த அன்று அப்பா சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். “நாளைக்கு பிராக்டிஸ் முடிஞ்சதும் ஏர்போர்ட்டாம்” என்றார்.

“அய்யோ, பாவம்! பயணம் போற மனுசன வெறுங்கையோடயா அனுப்பது?” என்றாள் அம்மா. லீவில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் கையில் ஒரு பார்சலைத் திணிக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. செர்பியாக்காரர் மட்டும் தப்பிக்க முடியுமா? சிறுபயறை வறுத்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, முந்திரிக்கொத்து சுட்டு டப்பாவில் அடைத்தாள். “ஏர்போர்ட்ல வச்சுக் குடுங்க, அதுவரைக்கும் மூச்சு விடப்பிடாது” என்று அப்பாவிடம் சொன்னாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோச் ஊருக்குப் போகிறார் என்பது மட்டும்தான் புரிந்தது; அது கோச்சுக்கே தெரியாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மைதானத்தில் எனக்கு ஒரே பயம், அப்பா என்னை முதலில் வீட்டில் இறக்கிவிட்டால் கோச்சுக்கு டாட்டா சொல்ல முடியாதே என்று. அப்பா குழாயடியில் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம், கார் சீட்டில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கோச்சின் கையில் கொடுத்து, “ஹேப்பி ஜர்னி, கோச்” என்றேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “டுடே?” என்றார். தலையாட்டினேன். குனிந்து, என் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு பூட்ஸைக் கட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு அவரே உள்ளே இறங்கி ஆடினார்.

வாளியோடு வந்த அப்பா வெறும் சீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடிக்கவில்லை. “கெடுத்தியே மக்ளே, இனி நாம மூணு பேரும் மூட்டையக் கெட்ட வேண்டியதுதான்” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

பிராக்டிஸ் முடிந்து கோச்சை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளப்காரர்களே ரூமிலிருந்து கட்டிக் கொண்டுவந்திருந்த பெட்டியைத் தூக்க அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான். மேனேஜர் ஏதோ சொன்னார். கோச் வாயைப் பிளந்தார். “மீ? டுடே?” என்று அலறி, தலையில் கை வைத்து, நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அடேயப்பா, என்ன விழுகை! மேனேஜரே பதறித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார். யார் சொன்னது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

வண்டி ஏர்போர்ட் ரோட்டில் ஏறியதும் கோச் டப்பாவைத் திறந்து அப்பாவின் வாயில் ஒரு முந்திரிக்கொத்தை வைத்து, “பெனால்டி, ராஜன் பாய்?” என்று கேட்டார். அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதார். கோச்சுக்கும் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை.

இப்போது அந்த மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கோச்சுகளுக்குச் செய்தி போனிலேயே போய்விடுகிறதாம். ஜிவ்கோ அதன்பின் எந்தெந்த ஊரில் கோச்சாக இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து, நான் வேலை கிடைத்து மார்த்தாண்டத்தில் இருந்தபோது, அப்பாவின் முறையும் வந்தது. அவரைக் கொண்டுவிடச் சொல்லி உத்தரவு வாங்கிய நேபாளி டிரைவர் முந்தின நாளே ரூமுக்கு வந்து, விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறார்.

மறுநாள் ஆபீசில் தான் என்ன செய்தார் என்பதை அப்பா ஊருக்கு வந்ததும் எனக்கு நடித்துக் காட்டினார். வாயைப் பிளந்து, தலையில் கை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அந்த நேபாளி இன்றைக்கும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறார். விழுந்து கிடந்த அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

“பெனால்டிதான்பா” என்றேன்.