விஷத்துக்குப் பழக்குகிறவர்

வாத்தியார் கதவைத் திறப்பதற்கு முன் இரண்டு விரல்களால் தட்டுவார். உள்ளே ஆள் யாரும் இல்லை. அது அறைக் கதவே இல்லை; இடுப்பு உயர இரும்புப் பெட்டி ஒன்றின் கதவு, அவ்வளவுதான். "வரலாமா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுத்தான் கைப்பிடியைத் திருகுவார். வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் படும். தூங்குகிறவர் முகத்தருகே குனிந்தால் படுகிற மூச்சு மாதிரி இருக்கும். உடம்புச் சூட்டிலேயே இரவும் பகலும் வைத்திருக்கும் பெட்டி அது. உள்ளே தட்டையான குடுவைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இளஞ்சிவப்புத் திரவம். அதற்கு அடியில், எப்போதோ யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த யாரோ போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் இல்லை. செல்களை விஷத்துக்குப் பழக்குகிறவர். நான் கீழ்த்தளத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறவன். ஊசி என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். இருந்தும் மத்தியானத் தேநீர் குடித்ததும் என் கால் மாடிப்படி ஏறத் தொடங்கிவிடும். அது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

"நோயைக் கொல்லத்தானே இவ்வளவு பெரிய கட்டடம்? நோய்க்கு எதுக்கு சார் ட்யூஷன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளில இதுங்க தானாவே கத்துக்குது சார். எப்படிக் கத்துக்குதுன்னு தெரியணும்னா நம்ம கண்ணு முன்னாடி கத்துக்கணும்ல?" என்றார்.

ஒரு காட்டுச் செடியின் கிழங்கிலிருந்து பிறந்த மருந்து அவரிடம் இருக்கிறது. அதைத் துளியிலும் துளியாகக் குடுவையில் விடுவார். செல்களில் முக்கால்வாசி அதற்கே செத்து மிதக்கும். ஏதோ சில மட்டும் அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடக்கும். செத்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்தில்லாத புதுத் திரவம் ஊற்றுவார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் லீவு. லீவில் அவை தேறும், பெருகும், குடுவையின் அடி முழுவதும் பரவும். பிறகு மறுபடி மருந்து, முன்னைவிட ஒரு பொட்டு அதிகம். மறுபடி சாவு, மறுபடி லீவு. மாதக்கணக்கில் இப்படியே போனால், மற்றதெல்லாம் சுருண்டு விழுகிற மருந்துக்குள் ஒரு கூட்டம் சாவகாசமாகக் குடித்தனம் நடத்தும். சில செல்கள், உள்ளே வந்த மருந்தை வந்த வேகத்திலேயே வெளியே தள்ளவும் கற்றுக்கொள்கின்றனவாம்.

"சூட்சுமம் மருந்துல இல்ல சார், லீவுல இருக்கு. விடாம அடிச்சா அநேகமா எல்லாமே போயிடும். அடிச்சு, விட்டு, அடிச்சு, விட்டு, அப்பத்தான் தேறும்" என்பார், தாடையைச் சொறிந்துகொண்டே.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போனால் பந்தியில் பாதியில் எழுந்துவிடுவார்: "இவங்களுக்குச் சாப்பாடு போடணும்." வீட்டில் நாய் வளர்க்கிறார் என்றுதான் உறவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடுவைகளைப் பற்றிப் பேசும்போது மரியாதை குறையாது. "நேத்து இவங்க முகமே சரியில்ல" என்பார். முகம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. மருந்தே காட்டாமல் ஒரு குடுவையைத் தனியாக வளர்க்கிறார். பழகியதையும் பழகாததையும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டுமாம். அதைத் தொடும்போது மட்டும் அவர் குரல் இளகிவிடும். "பாவம், இது ஒண்ணும் அறியாதது" என்பார்.

அவருக்கென்று இருப்பது அண்ணி ஒருவர்தான். அண்ணன் இருக்கிறார், ஆனால் இருக்கிற இடமே தெரியாத அமைதியான மனிதர். அண்ணி பள்ளிச் சீருடை தைக்கிறவர். வாய் ஓயாது, மிஷினும் ஓயாது. போன வருஷம் அவர் சினைப்பையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவை நடந்தது, மருந்து ஏற்றினார்கள், போனது திரும்பி வந்தது. இந்தத் தடவை வீட்டிலேயே விழுங்குகிற மாத்திரை கொடுத்தார்கள். வாத்தியார் அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவர் குடுவையில் விடுகிற அதே கிழங்கின் மருந்து. அண்ணி பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாத்தியார், "செடியிலேர்ந்து எடுக்கறதுதான் அண்ணி, பயப்படாதீங்க" என்று சொல்லிவைத்தார்.

பள்ளி திறக்கும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனவர், வாசல்படியிலேயே நின்றுவிட்டாராம். மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கன்னம் தெளிந்து, கண்ணில் பளபளப்போடு நிமிர்ந்து பார்த்து, "என்னடா, ஆளே மாறிட்டேன்ல?" என்று சிரித்திருக்கிறார். மறுநாள் வாத்தியார் இதை என்னிடம் வந்து சொன்னார்.

"லீவு விட்ட குடுவை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். அண்ணி முகம் அப்படியே இருந்துச்சு."

வாத்தியார் கேட்டதும் அண்ணி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மலை மாதிரி துணி கெடக்குடா. அதப் போட்டா தலையே தூக்க முடியல. ஒரு நாள் போடுவேன், ரெண்டு நாள் விடுவேன். திரும்பப் போடுவேன். செடி மருந்துதானே, கோவிச்சுக்கவா போகுது?"

இடையில் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வேறு; அண்ணி தானாக எடுத்துக்கொண்ட லீவு வேறு. விஷயம் தெரிந்ததும் டாக்டர் கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொடுத்தார். குடுவையில் நடப்பதெல்லாம் உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். "உடம்பு வேற, குடுவை வேற" என்று வாத்தியார் என்னிடம் அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாரோ. அண்ணி டாக்டருக்குத் தலையாட்டினார், அண்ணனுக்கும் தலையாட்டினார். அடுத்த வாரம் மிஷின் மறுபடி அதே உற்சாகத்தோடு ஓடியது; மாத்திரைக்கு மறுபடி லீவு. உள்ளே இருப்பவை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டனவா, இன்னும் நேரம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

அதனால்தான் அண்ணியை ஆய்வகத்துக்கே அழைத்து வந்தார். "தனியாக் காட்டத் தைரியம் இல்ல, நீங்களும் வாங்க சார்" என்றார். போனேன். எனக்கும் தைரியம் இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டு அண்ணிக்குத் தொளதொளவென்று இருந்தது. "தோள் வெட்டு சரியில்ல, யாரு தச்சது?" என்று கேட்டுக்கொண்டேதான் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். முதலில், மருந்துக்குப் பழகாத அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்த ஒரு குடுவை. முந்தின நாள் மருந்து விட்டது. நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். செல்கள் உருண்டு, கொதிக்கிற கஞ்சி போலக் குமிழ் குமிழாகப் புடைத்து, ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு மிதந்துகொண்டிருந்தன. அண்ணி திருப்தியோடு தலையாட்டினார். வாத்தியார் குடுவையை மாற்றினார்.

இதில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தரையில் பதித்த கல் மாதிரி அமைதியாக இருந்தன.

"இது மருந்து போடாததாடா?"

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதான் அண்ணி. உங்க மருந்து."

அண்ணி கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ஒண்ணு ரெண்டாச்சு" என்றார் அண்ணி.

மருந்துக்குள்ளேயே ஒரு செல் அவர் கண் முன்னால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

"இதுங்களுக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?"

"நான்தான் அண்ணி."

"எப்படி?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "போட்டு, விட்டு. போட்டு, விட்டு."

அண்ணி எழுந்து கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தார். தையல்காரர் கை, எந்த நிலையிலும் துணியைச் சும்மா போடாது. அந்த அறைக்குள் எதையும் வாயில் போடக் கூடாது என்பதால் தாழ்வாரத்துக்கு வந்தோம். மாத்திரை நேரம். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அண்ணி பையிலிருந்து அட்டையை எடுத்து, சத்தம் வராமல் மெதுவாகப் பிரித்தார்.

"அண்ணி, இன்னிலேர்ந்து நாள் தவறாம..." என்று வாத்தியார் தொடங்கினார்.

அண்ணி சட்டென்று உதட்டில் விரலை வைத்தார். மறு கையால் அடிவயிற்றை, உள்ளே இருப்பவை ஒட்டுக்கேட்பது போல, அகலமாகப் பொத்திக்கொண்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தண்ணீர்கூட வாங்காமல், மாத்திரையைத் திருட்டுத்தனமாக விழுங்கினார்.