வறுத்தால் உண்ணலாம் என்ற வரி

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் மகள் முதல் வாந்தி எடுத்தாள். ஐந்து மணிக்குள் ஆறு தடவை. அடுப்பில் வாணலி இருந்தது. அதில் வறுத்த காட்டாமணக்குக் கொட்டைகள் நாலைந்து மிச்சம்.

"இத யாருட்டி திங்கச் சொன்னா?"

"வறுத்தா திங்கலாம்னு நீதான எழுதியிருக்க" என்றாள். பன்னிரண்டு வயது.

எழுதியிருந்தேன். நான் தாவரவியல் ஆசிரியை. எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் செடிகளைப் பற்றி எழுதுவேன். என் அறிமுகப் பக்கத்தில் மூன்று பட்டங்களும் வரிசையாக இருக்கும். அந்த வரியை ஒரு வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து எடுத்தேன். அது அங்கே வளரும் விஷமில்லாத வகையைப் பற்றியது என்பதைக் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒருவர் அதன் கீழே சேர்த்திருந்தார்: "எங்கள் ஊர் வேலிகளில் நிற்பது வறுத்தாலும் விஷம். என் மகள் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள்." யாரென்று அவர் பக்கத்தைத் திறந்தேன். குற்றாலத்தில் பழக்கடை, எட்டாம் வகுப்பு, ஒரு கைபேசி எண். அவர் சேர்த்ததைச் சிரித்துக்கொண்டே நீக்கினேன். காரணம் எழுதும் இடத்தில் 'தகுதியற்றவர்' என்று தட்டினேன். ஆதாரம் கேட்டிருந்தால் அது நியாயம். கேட்கவில்லை. நான் எடுத்த கட்டுரையைத் திரும்பப் படிக்கவும் இல்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன செடி என்று கேட்டார். அறிவியல் பெயரைத் தடங்கலில்லாமல் சொன்னேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். "பொறுத்துத்தான் பாக்கணும்" என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மகள் சுருண்டு கிடந்தாள். இதைக் கடந்து வந்த பிள்ளையின் தகப்பன் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அந்த எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். அவர் எழுதியதை நீக்கியவள் நான்தான் என்றும், என் மகளும் அதையே தின்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றும் சொன்னேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

சீசன் நேரம், அதுவும் சனிக்கிழமை. கடையை அடைத்துவிட்டு ஏழு மணிக்கு வந்தார். விரல்களில் மங்குஸ்தான் கறை. கட்டிலருகே குனிந்தார்.

"ஏட்டி, எத்தன தின்ன?"

"ஏழு."

"எம்மவ பதினொண்ணு தின்னா. மூணாம் நாளு அருவியில குளிக்கணும்னு ஒரே அழுக. நீ ஏழுக்கே இப்பிடிக் கெடக்க?"

மகள் லேசாகச் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். அந்த வரிய எடுத்துட்டியளா, இன்னும் அங்கனதான் கெடக்கா?"