ரப்பர் நாடாவில் படம் காட்டியவர்

கோலா பிலாவிலிருந்து பரமசிவம் சாரின் மகள் அழைத்தபோது, நானும் அவரும் சேர்ந்து உருவாக்கிய மூன்றாம் நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். “அங்கிள், அப்பா காலையில தவறிட்டாரு” என்றாள். நோயில் கிடந்தவர்தான். ஆனாலும் எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

அவர் அறிவியல் ஆசிரியர். நான் அதே பள்ளியில் தமிழாசிரியர். இருவருமே லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பிளாஸ்டிக்கே கண்டுபிடிக்கப்படாத ஓர் உலகத்தை எங்கள் நாவல்களுக்காகக் கற்பனை செய்தோம். அங்கே மக்கள் வீட்டில் எப்படிப் படம் பார்ப்பார்கள் என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

“நம்மகிட்டதான் பால்மரம் இருக்கே சார்” என்றார். மெல்லிய ரப்பர் நாடாவில் படத்தையும் குரலையும் நுண்ணிய வரிகளாகப் பதிக்கும் பெட்டி ஒன்றை வரைந்தே கொண்டுவந்துவிட்டார்.

“வெயில்ல ரப்பர் இளகுமே? குரலெல்லாம் இழுக்குமே?” என்று மடக்கினேன்.

“இழுக்கட்டும் லா. மழை பெஞ்சு குளுந்தாத்தான் அந்த ஊருல படம் பார்ப்பாங்க.”

இறந்த கணவனின் குரலைச் சரியாகக் கேட்க மழைக்காகக் காத்திருக்கும் ஒருத்தியை நான் எழுதினேன். அவளுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். வாசகர்களோ, “அந்த மழை விஷயம் பிரமாதம்” என்றார்கள். அவள் பெயர்கூட ஒருவருக்கும் நினைவில்லை.

“உங்களப் பார்த்தா வயிறு எரியுது சார்” என்று பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நேராகவே சொல்லிவிட்டேன்.

“எரியட்டும் சார், அந்தச் சூட்டுல ரப்பர் எவ்ளோ இளகுதுன்னு பார்ப்போம்” என்று சிரித்தார்.

மூன்றாம் நாவலிலாவது என் பெயர் மட்டும் வரவேண்டும் என்று உள்ளூர ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை. மருத்துவமனையில் அவராகவே சொன்னார்: “இந்தத் தடவ உங்க பேரு மட்டும் போடுங்க சார். பெட்டி யோசனையையும் நீங்களே வச்சுக்கோங்க.” பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டார், பாவி மனிதர்.

இறுதிச் சடங்கில் வாசகர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ரப்பர் பெட்டிய யோசிச்சவரு இவருதானே? நீங்க யாருண்ணே?”

“கதை எழுதினவன்.”

“ஓ.”

சாவு வீட்டிலும் வயிறு எரிந்தது.

அட்டையில் ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று பதிப்பாளர் நேற்றுக் கேட்டார். ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. “ரெண்டு. அவரு பேரு முதல்ல” என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மீண்டும் அதே எரிச்சல்.

போய் வாருங்கள், சார். இனி இத்தனை திறமையாக என் வயிற்றை எரிக்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?