தோற்ற அணியின் ரசிகரும் என் கையெழுத்தும்

திங்கட்கிழமைகளில் எங்கள் டியூட்டி பஸ்ஸில் யாரும் வாய் திறக்க மாட்டோம். கத்தாரின் அல் கோரிலிருந்து ராஸ் லஃபான் எரிவாயு ஆலைக்கு விடியலில் கிளம்பும் அந்தப் பஸ்ஸின் முன்னிருக்கையில் கோச் உட்கார்ந்திருப்பார், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு. அமெரிக்காவில் அவருடைய அணி ஞாயிறு பகலில் ஆடும். அப்போது நமக்கு இரவு. நான்கு மணிக்கு எழ வேண்டியவர் அதைப் பார்க்க முடியாது. திங்கள் மாலை டியூட்டி முடிந்து, குளித்து, ஒரு டீயை வைத்துக்கொண்டு, பதிவு செய்த ஆட்டத்தைப் பார்ப்பார். அதுவரை முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாது. ஸ்டோர் கீப்பரான யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மட்டும் இறங்கும்போது அவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். "நான் ஒண்டும் சொல்லேல்ல சேர். ஆனா இண்டைக்குப் பின்னேரம் உங்களுக்குத் தேத்தண்ணி இறங்காது." பஞ்சையும் மீறி அது கேட்டுவிடும். "நாசமாப் போக" என்பார் கோச். பஸ்ஸே சிரிக்கும்.

அவர் யாருக்கும் பயிற்சியாளர் இல்லை. எங்கள் பிரிவின் தலைவர், திருச்சிக்காரர், என் வயதுதான். பனி கொட்டும் ஓர் ஏரிக்கரை நகரத்தில் இரண்டு வருடம் மேற்படிப்புப் படித்தார். அங்கே வேலை அமையவில்லை, இங்கே வந்தார். அந்த ஊரில் அவருக்கு மிஞ்சியது ஒரு கால்பந்து அணி. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கால்பந்து என்று சொல்லும் அந்த நாட்டு விளையாட்டு. அந்த அணி ஜெயித்து நான் கேள்விப்பட்டதில்லை. ஜெயிக்கிற அணியாகப் பார்த்து மாறிவிட வேண்டியதுதானே என்று கேட்டால், "பொண்டாட்டிய மாத்துற மாதிரி கேக்குறியே" என்பார். பிறகு அவரே சிரித்து, "அதாவது பரவாயில்ல, சட்டம் இருக்கு" என்பார்.

ஆனால் அவருடைய விசுவாசம் கை கட்டி நிற்கிற விசுவாசம் இல்லை. அதுதான் என்னை இழுத்தது. வெளியே அணையாத எரிவாயுச் சுடர் வானத்தை நக்கிக்கொண்டிருக்கும். உள்ளே, ஏசி குளிரில், சாப்பாட்டு மேசையில் அவர் கொதித்துக்கொண்டிருப்பார். வேறு ஊருக்கு விலை பேசிக்கொண்டு போகும் ஆட்டக்காரனின் சட்டையை ரசிகர்கள் எரிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அவன் எதுக்குய்யா விசுவாசமா இருக்கணும்? பல்லு வெளக்குறப்ப போன் வரும், உன்னை வித்தாச்சு, சாயங்காலம் வேற ஊருல நில்லுன்னு. நம்ம பொழப்புதானே அதுவும்?" ஆட்டக்காரனை மன்னித்துவிடுவார். முதலாளியை மன்னிக்க மாட்டார். ஊரே தோள் கொடுத்து வளர்த்த அணியை ஒருநாள் பெட்டி கட்டி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகிற முதலாளிகள் அங்கே உண்டு. "தோத்தா கோச்சை மாத்துறான். ஓனரை யாரு மாத்துறது?" இதை வாரம் ஒருமுறையாவது கேட்பார். அதனால்தான் அவருக்குக் கோச் என்ற பெயரே வந்தது. சொந்த மைதானத்தில் சொந்த அணியைக் கூச்சல் போட்டு விரட்டுகிறவன்தான் ரசிகன் என்பது அவர் கட்சி. "திட்டுறவன் அடுத்த வாரமும் வருவான். கை தட்டிட்டு இருக்கிறவன் தோத்தா வர மாட்டான்."

அவருக்கு மிகப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. தோற்ற பிறகு பயிற்சியாளர் மைக்குகளுக்கு முன்னால் வந்து, பழி முழுவதும் என்னுடையது என்று சொல்வது அங்கே ஒரு வழக்கம். எங்களுக்கெல்லாம் அது பெருந்தன்மையாகத் தெரியும். நம்மூரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? அவரோ லேப்டாப்பைப் பார்த்துக் கத்துவார். "இதையேதான்டா போன வாரமும் சொன்ன! பந்தைக் கீழ விட்டவன் எவன்னு சொல்லு!" போர்வை மாதிரி, எல்லாவற்றையும் மூடிவிடும் வாக்கியம் அது என்பார்.

நான் அப்போது பர்மிட் எழுதுகிறவன். ஆலையில் ஒரு போல்ட்டைக் கழற்றவும் சீட்டு வேண்டும். எந்தப் பம்பு, எந்த வால்வு மூடியிருக்கிறது, நிறுத்திவைத்ததற்கு அடையாளமாக எங்கே பூட்டும் அட்டையும் தொங்குகிறது என்று எழுதி, நேரில் நடந்துபோய்க் கண்ணால் பார்த்து, பிறகு கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி. நடைமுறை வேறு. காலை ஏழு மணிக்குள் சீட்டெல்லாம் ஆட்களின் கைக்குப் போய்விட வேண்டும் என்பது கோச்சின் உத்தரவு. "யல்லா, யல்லா, ஏழு தாண்டக் கூடாது." ஏழு மணிக்குள் இருபது இடத்துக்கு நடக்க யாரால் முடியும்? போன வாரச் சீட்டைக் கணினியில் திறப்போம், தேதியை மாற்றுவோம், அச்செடுப்போம், உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்து. எல்லோரும் அப்படித்தான். நான் கொஞ்சம் வேகமாக.

ஒரு நவம்பர் காலையில் அப்படித்தான் தேதியை மாற்றினேன். எழுத்தை மாற்றவில்லை. வேலை ஏ பம்பில். பூட்டும் அட்டையும் ஏ பம்பில். என் சீட்டில் இருந்ததோ போன வாரத்துப் பி. இரண்டும் அக்காள் தங்கை போல ஒட்டி நிற்கும் சுடுநீர்ப் பம்புகள். மேலே எழுதியிருந்த பெயர்களை உப்புக்காற்றும் மணலும் எப்போதோ தின்றுவிட்டன. புதுக்கோட்டைப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர், ஒப்பந்தக் கம்பெனி ஆள், வந்து பதினோரு மாதம். அங்கே இருந்த யாரிடமோ பி எது என்று கேட்டு, சீட்டில் உள்ளபடி அதில் ஸ்பேனரை வைத்தார். இரண்டாவது போல்ட் தளர்ந்ததும் கொதிநீர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலை உரித்துக்கொண்டு போனது.

கிளினிக்கில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "பேப்பர்ல பி-னு இருந்துச்சு சார். பேப்பர நம்பாம வேற யார நம்புறது?"

விசாரணைகள் எப்படி முடியும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதப்படும். அட்டை இல்லாத பம்பை ஏன் தொட்டாய் என்று ஒரு கேள்வி. கம்பெனி ஆளின் விசாவைக் கேன்சல் செய்யும். கட்டுப் பிரிக்கும் முன்பே அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். கலாஸ். கோப்பு மூடிவிடும். என் பக்கமும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் எனக்குச் சூப்பர்வைசர் பதவி வர வேண்டும். பதவியோடு குடும்ப வீடு. மனைவியும் மகளும் ஆறு வருடமாகத் தஞ்சாவூரில் போன் திரையில் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

விசாரணை கோச்சின் கையில். அடுத்த திங்கட்கிழமை கேபினுக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் சொன்னேன், "தப்பு என்னுதுதான்." சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, அதை இன்று நினைத்தால் கூசுகிறது.

அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "எழுதிக் குடு."

நான் பேனாவைத் தொடவில்லை. தொடாமல் இருக்க ஒரு வழி தேடினேன், கிடைத்தது. "ஏழு மணிக்குள்ள குடுன்னு விரட்டுனது யாரு? உக்காந்துக்கிட்டே எழுதுறோம்னு உங்களுக்குத் தெரியாதா? ஓனரை யாரு மாத்துறதுன்னு கேப்பீங்களே, இங்க ஓனர் யாரு?"

அவர் வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போய்யா, போய் வேலையப் பாரு" என்றார். குரலில் கோபம் இல்லை.

அறிக்கை வந்தது. ஃபிட்டரின் பெயர் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. பிரிவுத் தலைவர் விதித்த நேர நெருக்கடியே காரணம், பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று ஒரே பத்தி. ஃபிட்டர் வேலையில் நீடித்தார். நான் சூப்பர்வைசர் ஆனேன். கோச்சின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

அவர் பெட்டி கட்டிய நாளில் நன்றி சொல்லப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"நன்றி சொல்லாத. அசிங்கமா இருக்கு."

"எனக்காக நீங்க..."

"உனக்காகத்தான். நீ நம்ம ஆளுன்னு பண்ணேன். அதான் தப்பு. மைக் முன்னாடி நிக்கிறவனை இத்தனை வருஷம் திட்டினேனே, அதையே நானும் சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் பந்தைக் கீழ விட்டவன் எவன்னு யாருக்கும் தெரியாது. தெரியாதவரைக்கும் நீ மறுபடி விடுவ." டேப்பை நறுக்கென்று கடித்துத் துண்டித்தார். "என் பங்குக்கு நான் போறேன். உன் பங்கு அப்படியேதான் கெடக்கு."

குடும்பம் வந்தது. மகள் பால்கனியில் நின்று தூரத்துச் சுடரைப் பார்த்து, அது யாருடைய அடுப்பு என்று கேட்டாள். கட்டில் வாங்கினோம், அரிசி டப்பாக்கள் வாங்கினோம். மகிழ்ச்சியாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். குற்ற உணர்வு ஒருவனை இரவும் பகலும் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதெல்லாம் எழுத்தில்தான். வாழ்க்கையில் அது தூங்கிவிடும். நல்ல ஏசியில், நல்ல போர்வைக்குள், நன்றாகவே தூங்கும்.

ஒன்றரை வருடம் தூங்கியது. போன கோடையில் ஒரு காலை, ஃபிட்டர் என் மேசை முன்னால் வந்து நின்றார். முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறத்தில் மினுங்கியது. கையில் ஒரு சீட்டு.

"சார், இத நீங்களே வந்து காட்டிட்டுப் போங்க."

"கையெழுத்து இருக்குல்ல?"

"கையெழுத்து அன்னைக்கும் இருந்துச்சு."

நடந்தோம். ஆவி பறக்கும் வெயில், முந்நூறு அடி இருக்கும். அதே இரண்டு பம்புகள். அட்டை ஏ-யில் தொங்கியது, சீட்டில் பி. திரும்பி வந்து அதை எழுதிய புதுப் பையனின் கணினியைப் பார்த்தேன். கேரளத்துக்காரன், நல்லவன், வேகமானவன். அவன் திறந்து வைத்திருந்த மாதிரிக் கோப்பு என்னுடையது. தேதியை மட்டும் மாற்றச் சொல்லி அதைக் கொடுத்துவிட்டுப் போனவன் நான்தான் என்று அவன் நன்றியோடு சொன்னான்.

அன்றைக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன், முழுவதுமாக, முதல் முறையாக. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்தா வீடு போயிடுமா?"

"போகலாம்."

"போனா ஊருக்குப் போறோம்." கீரைத் தண்டை ஒதுக்கிவிட்டு, "ஆனா குடுத்துட்டு வந்து பெருசா தியாகம் பண்ண மாதிரி மூஞ்சிய வச்சுக்காதீங்க. ஒன்றர வருஷம் லேட்டு" என்றாள்.

மறுநாள் பாதுகாப்பு அலுவலகத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பழைய நவம்பர், என் கையெழுத்து, மாறாத எழுத்து, மாதிரிக் கோப்பு, எல்லாம். அதிகாரி படித்துவிட்டு, மூடிய கோப்பை எதற்குத் திறக்கிறாய் என்பது போல் பார்த்தார். பர்மிட் எழுதும் அதிகாரம் ஆறு மாதம் பறிபோனது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. திருச்சிக்குப் போன் செய்து கோச்சிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்ததை மறைக்கவில்லை. "பம்புல பேர எழுதிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்ன கிழிச்ச?" என்று வைத்துவிட்டார்.

எழுத வைத்தோம். மஞ்சள் பெயிண்டில், ஆள் உயரத்துக்கு, ஓர் ஏ, ஒரு பி. சீட்டுகள் இப்போது ஏழு மணிக்குப் போவதில்லை. கையெழுத்துப் போட உரிமையில்லாத நான் புதுப் பையனோடு ஒவ்வோர் இடமாக நடக்கிறேன். எட்டரை ஆகிவிடுகிறது, சில நாள் ஒன்பது. நிழலில் குந்தியிருக்கும் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். மேலிடத்திலிருந்து ஏன் தாமதம் என்று கேள்வி வருகிறது. பதிலில் என் பெயரை எழுதுகிறேன்.

இன்று காலையும் அப்படித்தான். பம்பின் முன்னால் நின்று அட்டையைக் காட்டினேன், வால்வைக் காட்டினேன், சரியாக இருக்கிறது என்றேன். ஃபிட்டர் தலையாட்டினார். பிறகு என்னைத் தாண்டிப் போய், தானே அந்த அட்டையைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். குழாயருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க" என்றேன், அவர் பார்த்து முடிக்கும்வரை வெயிலில் நின்றேன்.