கீல் வெளியே, தாழ்ப்பாள் உள்ளே

கதவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தவன் என்று என் தம்பியைப் பேசுகிறார்களே, அந்தக் கதவில் உடைத்த கீறல் ஒன்றுகூடக் கிடையாது. அதைச் செய்ததே அவன்தான். தான் செய்த கதவை எந்தத் தச்சன் உடைப்பான்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. அதற்காக நான் ஏன் என் வாயை மூட வேண்டும்?

நெடுநெடுவென்று ஒல்லியாக வளர்ந்ததால் அவனுக்கு முழக்கோல் என்றே பேர். கல்யாணமான புதிதில் மனநோய் ஆஸ்பத்திரியில் கதவு செய்கிற வேலை கிடைத்தது. முப்பத்திரண்டு கதவுக்கும் வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். யானை மோதினாலும் அசையாது என்று வந்து பெருமை பேசினான்.

"உள்ள இருக்கறவன் என்னடா பண்ணுவான்?" என்று கேட்டேன்.

"அது என் வேலையில்லக்கா."

பத்தொன்பது வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி திடீரென்று செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவனைப் பயம் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கையால் தடவுகிறார்கள் என்பான். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. அதே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அந்தப் பழியில் யாருக்கும் பங்கில்லை.

தன்வினை தன்னைச் சுட்டதாம், எதிர்வீட்டுக்காரி சொன்னாளாம். அவள் அந்தக் கூடத்தைப் பார்த்தாளா? நாற்பது கட்டில். சன்னல் ஆளுயரத்துக்கு மேலே. வானம் தெரியும், மனுஷர் தெரியாது. இவன் கதவுக்குப் பின்னால் மூலையில் குந்தியிருப்பான். உள்பக்கமாகத் திறக்கிற கதவு, ஆள் வரும்போதெல்லாம் அவன் முழங்காலில் இடிக்கும். ஆனாலும் நகரமாட்டான்.

ஒருநாள் சமையல்கட்டில் தீப்பிடித்துப் புகை கூடத்துக்குள் வந்திருக்கிறது. நாற்பது பேரும் கதவைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். காவலாள் வந்து சேரும்வரை அது திறக்கவில்லை. அன்றிலிருந்து என் தம்பி கதவிடுக்கில் மூக்கை வைத்துத்தான் தூங்கினான்.

"நல்லாத்தான் அடிச்சிருக்கேன்க்கா. கொஞ்சம்கூட அசையல" என்றான். சொல்லும்போதே பல் கடகடவென்று அடித்தது.

பிறகு புதிதாக ஒரு பெரிய டாக்டர் வந்தார். இந்தக் கூடத்தில் நல்லவனுக்கே பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லி, கட்டடம் வரைகிற ஓர் அம்மாவை அழைத்துவந்தார். ஆளுக்கொரு சின்ன அறை, கூடவே கழிப்பறை, உட்கார்ந்தாலே தெரு தெரிகிற சன்னல். தாழ்ப்பாளே வேண்டாம் என்று நினைத்திருந்தார்கள். அந்த அம்மா மட்டும் உள்ளே இருந்தவர்களைக் கேட்டார். மாதக்கணக்கில் வாய் திறக்காத என் தம்பி கரித்துண்டை எடுத்துத் தரையில் ஒரு கதவு வரைந்தான்.

"தாழ்ப்பா இல்லாம எங்களுக்குத் தூக்கம் வராதும்மா. உள்பக்கம் வையுங்க."

"உள்ள யாராவது மயங்கி விழுந்துட்டா எப்படிங்க திறக்கறது?"

"கதவு வெளிப்பக்கமா திறக்கட்டும். அப்பக் கீலும் வெளியில வந்துரும். அதோட ஆணிய உருவினா கதவையே கழட்டிரலாம்."

அவனையே செய்யச் சொன்னார்கள். கடைசியாகத் தன் அறைக்கு வந்தான். கடைசித் திருகாணியையும் முறுக்கிவிட்டுப் பார்த்தால், தாழ்ப்பாள் வெளிப்பக்கம். பழகின கை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனே கழற்றி உள்ளே மாட்டினான். நாலு ஓட்டை இன்னும் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கட்டும்.

மாட்டினவன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் பதினோரு நாள் வரவில்லை. தட்டை வாங்க ஒரு கை மட்டும் நீளும். ஆணியை உருவிவிடலாமே என்றான் காவலாள். கூடாது, அவராகத் திறக்கட்டும் என்றார் டாக்டர். எனக்கு உயிர் கையில் இல்லை. நான் சேர்த்த இடத்திலேயே முடிந்துபோவானோ என்று தினமும் அறைக்கு வெளியே நடைவழியில் நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, வெளியில யாரு நிக்கறது?"

"நான் மட்டுந்தான்டா."

"வேற யாரும் இல்லியே?"

"இல்ல."

தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. கதவு உன் பக்கமா வரும், இடிச்சிரப்போவுது."

தள்ளி நின்றேன். கதவு திறந்தது. கையில் துணிப்பை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைத் தாண்டி நடந்தான். நடைவழி முடியும்வரை மூன்று தரம் திரும்பிப் பார்த்தான். கதவு திறந்தே கிடந்தது.